திறப்பைக் கேட்கும் எஞ்சின்

கச்சான் காற்று வீசும் மாதங்களில், வெயிலில் நிறுத்திவிட்டுப் போன காருக்குள் திரும்ப ஏறுவது மட்டக்களப்பில் லேசான காரியமல்ல. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரத்தை இழந்து, கிழக்குப் பக்கம் இறங்கும்போது சூடேறி வருவதுதான் கச்சான். வெளியே 34 பாகை செல்சியஸ் என்றால், கண்ணாடி ஏற்றிப் பூட்டிய காருக்குள் ஒரு மணித்தியாலத்தில் 50 பாகையைத் தாண்டிவிடும். அதில் பெரும் பங்கு முதல் அரை மணித்தியாலத்திலேயே ஏறிவிடுகிறது. கனடாவில் பனிக்காலத்துக் காலையில் காரைச் சூடாக்குவதற்கென்று வாங்கும் கருவியை இங்கே மத்தியானத்தில் குளிராக்குவதற்கு வாங்குகிறார்கள். வீட்டுக்குள் இருந்தபடியே பொத்தானை அழுத்தினால் எஞ்சினும் ஏசியும் ஓடத் தொடங்கும். அதுதான் ரிமோட் ஸ்டார்ட்டர்.

பூட்டிச் சில மாதம் போனதும் முறைப்பாடுகள் வரும். "ஸ்டார்ட் ஆகுது, ரெண்டு செக்கன்ல நிண்டு போகுது" என்பார் ஒருவர். "விடியக்காலம மாட்டேங்குது, பத்து மணிக்குப் பிறகு ஒரு பிரச்சினையும் இல்ல" என்பார் இன்னொருவர். "லைட் மட்டும் மினுங்குது, வேறொண்டும் நடக்குதில்ல" என்பார் மூன்றாமவர். கேட்பதற்கு ஒரே பழுதைப் போலத் தோன்றும். பல இடங்களில் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது: ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றி வேறு பெட்டியைப் போடுவது. புதுப் பெட்டியும் அடுத்த வாரம் அதே வேலையைக் காட்டும். காரணம், இவை வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் மறுப்புகள். அவற்றில் பல பழுதே அல்ல. திறப்பு இல்லாமல் எஞ்சினை ஓடவிடாதே என்று தொழிற்சாலையில் காருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். திறப்பு இல்லாமல் எஞ்சினை ஓடவை என்று நாம் ஒரு கருவியைக் கொண்டுபோய் அதே காருக்குள் வைக்கிறோம். இரண்டு கட்டளையும் ஒரே வயர்களில் முட்டிக்கொள்கின்றன. எந்த மறுப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொண்டால் வேலையில் முக்கால்வாசி முடிந்தது.

முதலில் தொழிற்சாலைக் கட்டளையைப் பார்ப்போம். திருட்டைத் தடுக்க எஞ்சினை முடக்கிவைக்கும் அமைப்புக்கு இம்மொபிலைசர் என்று பெயர். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1986இல் தன் கோர்வெட் காரின் திறப்பில் ஒரு சிறிய மின்தடையைப் பதித்தது. 15 வித அளவுகளில் சரியான ஒன்று இருந்தால்தான் எஞ்சின் ஓடும். 15 என்பது கள்வனுக்குப் பெரிய எண்ணல்ல. அடுத்து வந்த முறைதான் இன்று நம் தெருக்களில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. திறப்பின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சென்டிமீற்றர் நீளத்தில் ஒரு சில்லு. அதற்குப் பற்றரி கிடையாது. திறப்பு நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு செப்புச் சுருள் இருக்கிறது. திறப்பைத் திருப்பியதும் அந்தச் சுருளில் 125 அல்லது 134 கிலோஹேர்ட்ஸ் மீடிறனில் மின்னோட்டம் ஓடும். அதனால் மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் சில்லுக்குள் இருக்கும் நுண்சுருளில் மின்னைத் தூண்டும். 1831இல் மைக்கல் பரடே கண்டு சொன்ன அதே தூண்டல். அந்தச் சிறு மின்னிலேயே சில்லு விழித்து, தன்னிடமுள்ள இரகசிய எண்ணைக் கொண்டு கார் கேட்ட கேள்விக்குப் பதில் கணித்து அனுப்பும். பதில் சரியென்றால் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி பெற்றோலையும் தீப்பொறியையும் விடும். எல்லாம் ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும்.

125 கிலோஹேர்ட்ஸ் அலையின் நீளம் 2.4 கிலோமீற்றர். சில சென்டிமீற்றர் தூரத்துக்குள் அது வானொலி அலையாகப் பரவுவதே இல்லை. காந்தமாகத்தான் வேலை செய்கிறது. சுருளை விட்டுச் சற்றே விலகினாலும் அதன் வலிமை தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டிலொன்று. அதனால்தான் சில்லுத் திறப்பு துவாரத்தின் வாயிலேயே இருக்க வேண்டும். சட்டைப் பையில் இருந்தால் போதாது. வீட்டில் இரண்டு கார் உள்ளவர்கள் இரண்டு திறப்பையும் ஒரே வளையத்தில் கோர்த்து வைத்திருந்தால், ஒரு சுருளின் முன்னால் இரண்டு சில்லும் சேர்ந்து பேசி எஞ்சின் மறுத்துவிடக்கூடும். கனத்த உலோக வளையமும் புலத்தைக் குலைக்கும். ரிமோட் ஸ்டார்ட்டரைச் சந்தேகிக்க முன்னர் திறப்பைத் தனியே கழற்றி ஒரு தடவை போட்டுப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

இம்மொபிலைசர் தேவையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு அனுபவங்கள் பதில் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 1998 ஒக்டோபரிலிருந்து புதுக் கார்களில் இதைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில் இதை ஆராய்ந்த வான் உர்ஸ், வொலார்ட் என்ற இரு பொருளியலாளர்கள், 1995 முதல் 2008 வரையான காலத்தில் கார்த் திருட்டு சராசரியாக 40 வீதமளவு குறைந்ததற்கு இதுவே காரணம் என்று கணித்தார்கள். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இருக்கவில்லை. 2015ஆம் ஆண்டு மொடல்களில் ஏனைய நிறுவனங்களின் கார்களில் 96 வீதமானவற்றில் இம்மொபிலைசர் இருந்தது. ஹியுண்டாய், கியா கார்களில் 26 வீதத்தில் மட்டுமே இருந்தது. 2021, 2022இல் பதின்ம வயதுப் பையன்கள் ஒரு யுஎஸ்பி வயர் முனையைக் கொண்டு அந்தக் கார்களை இயக்கித் திருடிக்கொண்டு போனார்கள். சில்லு உடைக்க முடியாதது என்றும் சொல்ல முடியாது. 40 பிற் இரகசிய எண்ணைக் கொண்ட டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லை 2005இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். 40 பிற் என்றால் ஏறக்குறைய 1.1 இலட்சம் கோடி சாத்தியங்கள். கணினிக்கு அது கைக்கு எட்டிய தொகை. ஆனால் தெருவில் வரும் கள்வன் ஆய்வாளன் அல்ல. அவனை மறிக்கப் பழைய சில்லும் போதுமாக இருக்கிறது.

இப்போது ரிமோட் ஸ்டார்ட்டரின் பக்கம். திறப்பு வீட்டுக்குள் இருக்கிறது, சுருளின் முன்னால் சில்லு இல்லை. ஆகவே கருவியைப் பூட்டுகிறவர் இம்மொபிலைசரைச் சமாதானப்படுத்த ஒரு வழி செய்தாக வேண்டும். ஒரு வழி, இரண்டாவது திறப்பை ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து, அதைச் சுற்றிய சுருளை வயர் மூலம் துவாரத்துச் சுருளோடு இணைப்பது. பொத்தானை அழுத்திய நேரத்தில் மட்டும் ஒரு ரிலே, அதாவது மின்சுவிட்ச், அந்த இணைப்பைப் பூர்த்தியாக்கும். மற்ற வழி, அந்தக் கார் மொடலின் உரையாடலைக் கற்றுக்கொண்டு திறப்பின் இடத்திலிருந்து பதில் சொல்லும் மின்னணுப் பெட்டி.

"ரெண்டு செக்கன்ல நிண்டு போகுது" என்ற முறைப்பாடு பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. பல டொயோட்டா மொடல்களில் எஞ்சின் முதலில் பற்றிக்கொள்ளும். திறப்பின் பதில் வராததை அறிந்ததும் பெற்றோலை நிறுத்திவிடும். வேறு சில நிறுவனக் கார்களில் எஞ்சின் சுற்றும், பற்றவே பற்றாது. இரண்டிலும் டாஷ்போர்டில் திறப்புப் படம் போட்ட அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு வேகமாக மினுங்கும். ஹொண்டாவில் அது பச்சைத் திறப்பு. இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. உங்கள் சில்லுத் திறப்பைத் துவாரத்தில் செருகி, திருப்பாமல் அப்படியே விட்டு, ரிமோட்டால் இயக்கிப் பாருங்கள். எஞ்சின் நிற்காமல் ஓடினால் ஸ்டார்ட்டர் பெட்டியில் குறையில்லை; இம்மொபிலைசரைச் சமாதானப்படுத்தும் அந்தச் சிறு பெட்டியோ அதன் ரிலேயோ சுருளோதான் விடுபட்டிருக்கிறது. அப்போதும் நின்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஸ்டார்ட்டர் பெட்டியை மாற்றச் சொல்லும் எவரிடமும் காசைக் கொடுக்காதீர்கள்.

பொத்தானை அழுத்தியும் காரின் வெளி விளக்குக்கூட மினுங்காவிட்டால் அது வானொலிப் பக்கம். ரிமோட் அனுப்புவது ஜப்பானியக் கார்களில் 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய மீடிறன், ஐரோப்பியக் கார்களில் 433.92. நாணயம் போன்ற 3 வோல்ற்றுப் பற்றரி தளர்ந்தால் முதலில் தூரம் குறையும், பிறகு முழுதாக நிற்கும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியீடு மாறிக்கொண்டே போகும் முறையும் இங்கே கவனிக்க வேண்டியது. அலையைப் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பிக் கதவைத் திறக்கும் கள்வனை மறிக்க அது வந்தது. அதில் பெயர்பெற்ற கீலொக் முறையில், ரிமோட்டின் கணக்கு காரின் கணக்கைவிட 16 அழுத்தத்துக்குள் முந்தியிருந்தால் கார் உடனே ஏற்கும். அதற்கு மேல் முந்தியிருந்தால் அடுத்தடுத்து இரண்டு தடவை அழுத்த வேண்டும். பிள்ளை வீட்டுக்குள் ரிமோட்டை வைத்து விளையாடிய அடுத்த நாள் கார் முதல் அழுத்தத்தை அலட்சியம் செய்வது இதனால்தான். கண்ணாடியில் உலோகக் கலவையுள்ள கறுப்புத் தாள் ஒட்டியிருந்தாலும் அலை உள்ளே போகத் திணறும்.

வெளி விளக்கு மினுங்கியும் எஞ்சின் சுற்றாவிட்டால் அது பாதுகாப்பு மறுப்பு. பொனட் திறந்திருக்கிறதா, பிரேக் மிதிபட்டிருக்கிறதா, கியர் நிறுத்த நிலையில் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். பொனட்டைத் திறந்து ஒருவர் கை விட்டிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து மற்றவர் பொத்தானை அழுத்தினால் விரல் போகும். அதனால் பொனட் விளிம்பில் ஒரு சிறு ஸ்பிரிங் பொத்தானை வைக்கிறார்கள். பொனட் மூடினால் அது அமுங்கும். திறந்தால் எழும்பி ஒரு வயரைக் காரின் உடலோடு, அதாவது எர்த்தோடு, தொடுக்கும். நம் கரையில் ரிமோட் ஸ்டார்ட்டருக்கு முதல் எதிரி இந்தப் பொத்தான்தான் என்பது என் அபிப்பிராயம்.

கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி வழியே களுவாஞ்சிக்குடி வரை நிலத்தைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து நுண்துளிகளைக் காற்றில் எறிகின்றன. நீர் ஆவியானதும் உப்புத் துகள் மிஞ்சும். அது காரின் ஒவ்வொரு இடுக்கிலும் படியும். பகலில் காய்ந்த உப்பு மின்னைக் கடத்தாது, ஒரு தீங்கும் செய்யாது. ஆனால் காற்றின் சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் சோடியம் குளோரைட்டு தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு அதற்கு வெகு முன்னரே, 33 வீதமளவிலேயே ஈரமாகும். இரவிலும் விடியற்காலையிலும் இந்தக் கரையில் 75 வீதம் என்பது சாதாரணம். வடகீழ்ப் பருவக்காற்றான வாடை வீசும் மாதங்களில் பகலிலும் அப்படித்தான்.

அந்த ஈரப் படலம் பொனட் பொத்தானின் ஊசிக்கும் உடலுக்கும் நடுவே சில ஆயிரம் ஓம் தடையுள்ள பாதையாகிறது. அந்த வயரில் கருவி வைத்திருக்கும் மின்னழுத்தம் மிக மெல்லியது. ஊசி உடலைத் தொடாமலேயே அந்தப் பாதை வழியே அது வடிந்துபோகும். பொனட் திறந்திருக்கிறது என்று கருவி நம்பி மறுத்துவிடும். பத்து மணி வெயிலில் படலம் காயும், மறுப்பும் மறையும். கராஜுக்குக் கொண்டுபோகும் நேரத்தில் எல்லாம் சரியாக வேலை செய்யும். "ஒண்டுமில்லயே" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கச்சானில் ஒழுங்காக இருந்த ரிமோட் வாடைக்குத் தகராறு பண்ணுவதன் இரகசியம் இதுதான்.

பொத்தானைக் கழற்றிக் கையில் எடுத்தால் கதை கண்ணுக்குத் தெரியும். ஊசியின் முலாம் போய்ப் பழுப்புத் துரு. ரப்பர் உறைக்குள் வெள்ளை உப்புப் பொடி. வயரை முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றிய இடத்தில் பசை உருகி ரேப் வழுகியிருக்கும்; அதைப் பிரித்தால் செம்பில் பச்சைக் களிம்பு. மறுக்கும் ஒரு விடியற்காலையில், கியர் நிறுத்த நிலையில் இருக்க, அந்த ஒரு வயரைப் பிரித்து நுனி எதிலும் படாமல் விட்டு, பொனட்டை மூடி, ரிமோட்டை அழுத்துங்கள். எஞ்சின் ஓடினால் கள்வன் பிடிபட்டான். ஆனால் வயரை அப்படியே விட்டுவிட வேண்டாம். புதுப் பொத்தான் சில நூறு ரூபாய், விரலுக்கு விலையில்லை. மூட்டை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, மின்கடத்தாக் கிரீஸ் தடவினால் அது பல வாடையைக் காணும்.

உப்பு இன்னோர் இடத்தில் இதைவிடப் பெரிய குழப்பம் செய்கிறது. பற்றரியின் மறைமுனையிலிருந்து உடலுக்கும் எஞ்சினுக்கும் போகும் தடித்த எர்த் வயரின் மூட்டு துருப்பிடித்து 0.02 ஓம் தடையாகிவிட்டதென வைப்போம். கைமீற்றரில் தெரியவே தெரியாத அளவு. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது அங்கே மட்டும் 3 வோல்ற்று வீணாகும். ஏற்கனவே சுழற்சியின்போது 10 வோல்ற்றுக்கு இறங்கியிருக்கும் பற்றரியில் இன்னும் 3 போனால், இம்மொபிலைசர் பெட்டி நடுவழியில் அணைந்து மீண்டும் விழிக்கும், உரையாடல் முறியும். காருக்கு அது திறப்பு இல்லாத நிலை. டாஷ்போர்டு விளக்கு மினுங்குவதால் இம்மொபிலைசர் பழுது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி மறைமுனையிலும் மறு முனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்து, எஞ்சின் சுற்றும்போதே அளக்க வேண்டும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் மூட்டைச் சுரண்டி இறுக்குவதே வைத்தியம்.

2011 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமாகி இலங்கைக்கு ஏராளமாக வந்த டொயோட்டா அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களுக்குத் தனிக் கணக்கு. அவற்றில் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஓட வேண்டும் என்றில்லை. ரெடி விளக்கு எரிந்தால் கார் தயார், ஏசியும் மின்னிலேயே ஓடும். எஞ்சின் துடிப்பை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட ரிமோட் ஸ்டார்ட்டர், துடிப்பு வராததால் தோல்வி என்று எண்ணித் திரும்பத் திரும்ப முயன்று நிறுத்திவிடும். ஹைபிரிட்டுக்கென்று நிரல் உள்ள கருவியே அங்கு பொருந்தும். அத்துடன் பின் இருக்கைப் பக்கம் இருக்கும் 12 வோல்ற்றுப் பற்றரி சிறியது, 35 ஆம்பியர் மணி அளவுதான். பிற்பாடு பூட்டிய அலார்மும் ரிமோட் வாங்கியும் சேர்ந்து 40 மில்லி ஆம்பியர் குடித்தால் 30 நாளில் 29 ஆம்பியர் மணி போய்விடும். குடும்பம் வெளிநாடு போய் ஒரு மாதத்தில் திரும்பும்போது, பையில் வைத்தபடியே வேலை செய்யும் ஸ்மார்ட் திறப்பையே கார் அடையாளம் காணாததற்குக் கள்வனும் காரணமல்ல, இம்மொபிலைசரும் காரணமல்ல.

ரிமோட்டில் ஓடிய கார், கதவைத் திறந்ததும் நின்றுவிடுவதைச் சிலர் பழுதென்று கொண்டுவருவார்கள். ஏசி ஓடும் காரில் எவரும் ஏறிக் கொண்டுபோகக் கூடாதென்று சில நிறுவனங்கள் அப்படித்தான் அமைத்திருக்கின்றன. அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள்.

கையால் கியர் போடும் காருக்கு, உதாரணமாக மாருதி ஆல்ட்டோவுக்கு, ரிமோட் ஸ்டார்ட்டரே வேண்டாம் என்பேன். முதலாம் கியரில் நிறுத்தப்பட்ட கார் ஆளில்லாமல் துள்ளி முன்னே பாயும்; முற்றத்தில் பிள்ளைகள் இருப்பார்கள். படுக்கையறை யன்னலோரம் போர்ட்டிகோ உள்ள வீடுகளில் எஞ்சினை ஓடவிடுவதும் ஆபத்து. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, உறங்குபவருக்குத் தெரியவும் தெரியாது. ஏசியோடு பத்து நிமிடம் சும்மா ஓடும் சிறிய எஞ்சின் 150 மில்லி லீற்றரளவு பெற்றோல் குடிக்கும். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த அளவின் பெறுமதி தெரியும். நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டினால் உள்ளே அடைபட்ட சூட்டில் பெரும்பகுதி தானாகவே போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு சிலர் குறுக்கு வழி சொல்வார்கள்: இம்மொபிலைசரையே நீக்கிவிடலாம், அல்லது ரிலே இல்லாமல் இரண்டாவது திறப்பின் சுருளை நிரந்தரமாக இணைத்துவிடலாம். தொல்லை உடனே நிற்கும். ஆனால் அன்றிலிருந்து சில்லே இல்லாத வெறும் இரும்புத் திறப்புக்கும் அந்தக் கார் ஓடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை நீடித்தபோது பழைய கார்களின் விலை எப்படி ஏறியது என்பதை எவரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு பொருளுக்கு இருந்த ஒரே உறுதியான பூட்டைக் கழற்றிவிட்டுப் போகிறார் ஒருவர். சொந்தக்காரருக்குச் சொல்வதும் இல்லை. இது எனக்குப் பொறுக்காத காரியம்.

உங்கள் காரில் அப்படி நடந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். திறப்பு வெட்டும் கடையில் சில்லு இல்லாத சாதாரணத் திறப்பு ஒன்றை வெட்டி வாங்குங்கள். சில்லுத் திறப்பை வீட்டுக்குள் வைத்துவிட்டு, ரிமோட்டைத் தொடாமல், வெறும் திறப்பால் எஞ்சினைத் திருப்புங்கள். பொத்தான் ஸ்டார்ட் கார் என்றால் ஸ்மார்ட் திறப்பைப் பத்து மீற்றருக்கு அப்பால் விட்டு, பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்துங்கள். எஞ்சின் நின்றுவிட்டாலோ பற்றாமல் விட்டாலோ இம்மொபிலைசர் உயிரோடு இருக்கிறது. தொடர்ந்து ஓடினால், கருவியைப் பூட்டியவரிடம் திரும்பிப் போய், டாஷ்போர்டைக் கழற்றச் சொல்லி, ரிலே எங்கே என்று கேளுங்கள்.